றோஸ்மேரி அன்ரியின் பெயரில்

பெப்ரவரி 3, திங்கள்

மென்பொருள் கொம்பனியிடமிருந்து கடிதம். கனடாக் குடிவரவுப் படிவங்களும் கடிதங்களும் தயாரிக்கும் மென்பொருளுக்கு எங்கள் டோர்செட் பார்க் அலுவலகத்தில் ஆளுக்கு ஒன்றாக இரண்டே லைசென்ஸ். ஒன்று முதலாளி ஜூலியஸ் அங்கிளின் பெயரில், மற்றது றோஸ்மேரி அன்ரியின் பெயரில். அன்ரியின் பெயர் ஒரே நேரத்தில் இரண்டு கொம்பியூட்டரில் ஓடுகிறதாம். யார், எந்த மெஷினில், எத்தனை மணிக்கு என்று ஜனவரி முழுவதற்கும் பட்டியல் எடுக்கும் வேலையை அங்கிள் என்னிடம் தந்தார்.

"நீ வாய் திறக்காத பிள்ளை. அதுதான் உன்னட்டைத் தாறன்."

தலையாட்டினேன்.

பெப்ரவரி 4

அந்த இரண்டாவது ஆள் நான்தான்.

பதினொன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு இங்கே வந்தபோது, தேநீர் போடவும் போட்டோக்கொப்பி எடுக்கவும்தான் விட்டார்கள். அன்ரி தன் பாஸ்வேர்டை எழுதித் தந்தார். "அடிச்சுப் பழகடி. எவ்வளவு நாளைக்குத் தேத்தண்ணி ஊத்தப் போறாய்?" பழகினேன். பிறகு உண்மையான கடிதங்களும் அடித்தேன். யார் அடித்தது என்று அங்கிள் கேட்டதேயில்லை.

பெப்ரவரி 5, புதன்

அன்ரி இன்று இல்லை. புதன்கிழமைகளில் தன் கணவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவார். பட்டியலில் போன மாதப் புதன்களில் மட்டும் அவர் பெயரில் முப்பத்தொரு கடிதம்.

முப்பத்தொன்றும் நான்.

பெப்ரவரி 6

பட்டியலைக் கொடுத்துவிட்டேன். 'யார்' என்ற இடத்தில் என் பெயரை எழுதக் கை போகவில்லை. மெஷின் சொன்ன அன்ரியின் பெயரைத்தானே எழுதினேன்?

பெப்ரவரி 7, வெள்ளி

அங்கிள் அன்ரியை எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஆஸ்பத்திரியிலை நிண்டுகொண்டு இஞ்சை எப்பிடி அடிச்சனீங்கள்? வெளியாலை ஆருக்கும் பாஸ்வேர்டைக் குடுத்தனீங்களோ?"

"அன்ரிக்கு ரெண்டு உடம்பு போலை," என்று பக்கத்து மேசை மிதுனன் அண்ணா சிரித்தார்.

அன்ரி என் பக்கம் திரும்பவே இல்லை. "குடுத்தனான். ஆரெண்டு சொல்லமாட்டன்."

நான் ஸ்டேப்ளருக்கு ஊசி போட்டுக்கொண்டு நின்றேன். ஏன் நிண்டனான்? ஏன் எனக்கு வாய் வரேல்லை? ஒரு சொல்லுத்தானே — 'நான்'. அவ்வளவுதானே.

மூன்று மணிக்கு அன்ரி பனிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இனி வரவேண்டாமாம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அன்ரியும் அதே மாதா கோயில்.

பெப்ரவரி 10

பேச வராது. 'அது நான்தான்' என்று எழுதி நீட்டினேன். அங்கிள் வாசித்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்தார்.

"இப்ப சொல்லி என்ன? ஆளை நிப்பாட்டிட்டன் எண்டு அவவின்ரை பேரைப் போட்டு கொம்பனிக்கு அனுப்பியாச்சு. இனி மாத்தினால் என்னைத்தான் பொய்யன் எண்டுவாங்கள். போய் வேலையைப் பார், றெபேக்கா."

பெப்ரவரி 11

அன்ரிக்கு போன் எடுத்தேன்.

"றெபேக்காவே?" என்றார்.

வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 12, புதன்

அன்ரியின் லைசென்ஸை என் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். அம்மாவுக்குச் சந்தோசம். இன்று பதினாலு கடிதம் அடித்தேன். நேரம், மெஷின், பெயர் எல்லாம் பொருந்துகிறது. அங்கிள் பட்டியலைப் பார்த்தார்.

"இப்பதான் சரி," என்றார்.