ஈர அடுப்பு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சௌகரியமாக இருக்கிறோம். தரை காய்ந்துவிட்டது. மெத்தையைத் தவிர மற்றதெல்லாம் தேறிவிடும்போல் இருக்கிறது. போனில் நீ அழுகிறாய், அதைக் கேட்டு நானும் அழுகிறேன், விஷயம் பேச முடிவதில்லை. அதனால்தான் கடிதம்.

நம் ரொட்டிக்கடைக்குள் வெள்ளம் இடுப்பளவு வந்ததைச் சொல்லியிருந்தேன். மாவு மூட்டைகள் தாமாகவே பிசைந்துகொண்டுவிட்டன. மண்வெட்டியால் வழித்துத்தான் கொட்டினோம். நம் கண்ணாடி அலமாரி மிதந்துபோய் எதிர்க்கடைத் தையற்காரர் வாசலில் நின்றது. பதிலுக்கு அவருடைய மெஷின் ஒன்றுகூட நம் பக்கம் வரவில்லை என்று அப்பாவைச் சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. வெள்ளம் வடிந்த நாளிலிருந்து அவர் சிரிக்கவே இல்லை.

கடையை விற்றுவிட்டு வந்துவிடச் சொன்னாய். எங்களுக்காக மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருப்பதாகவும் சொன்னாய். அப்பா போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "அடுப்பு பிளந்துச்சுன்னா போயிடலாம். புதுசா ஒண்ணு கட்ட எனக்குத் தெம்பு இல்ல" என்றார். உன் வீட்டுக்கு வர எனக்குக் கசக்கவில்லை, கண்ணு. இந்தக் கடையை விட்டுவிட்டு அவர் அங்கே எந்நேரமும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துத்தான் பயந்தேன்.

செங்கல் அடுப்பு நனைந்துவிட்டால் சிறு தீயில் நாள்கணக்கில் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் ஈரம் கல்லைப் பிளந்துவிடும். இதை ஊருக்கெல்லாம் சொல்பவர் உன் அப்பாதான். ஆனால் நான் ஒரு விறகை உருவினால் அவர் இரண்டைச் செருகினார். இதில் தினமும் சண்டை. அது பிளந்தே போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

அடுப்பு இதமாகச் சுடுகிறது என்று தெரிந்ததும் தெருவே வந்துவிட்டது. சாயங்காலம் கங்குகளை வாரிய பிறகு, பள்ளிக்கூடப் புத்தகம், தலையணை, நூல்கண்டு என்று ஆளாளுக்கு உள்ளே வைத்துக் காயவைத்தார்கள். தையற்காரரும் தம் ஷூவைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டு மறந்துபோய்விட்டார். மறுநாள் காலை அப்பா உள்ளே பார்க்காமல் வாயருகே விறகை அடுக்கிப் பற்றவைத்தார். பாவம், இத்தனை வருஷத்தில் அவர் அடுப்பில் யார் ஷூ வைத்தார்கள்? நாற்றம் வந்ததும் ரொட்டி எடுக்கும் நீண்ட பலகையை உள்ளே விட்டு ஷூவை வெளியே இழுத்தார். தையற்காரர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா மொறுமொறுன்னு வந்திருக்கு அண்ணே, கொஞ்சம் வெண்ணெய் இருந்தா குடுங்க" என்றார். அப்பா மாவுப் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து விறகை நான் சொன்ன அளவில்தான் வைத்தார். புது ஷூவும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

நேற்று முழுச் சூடு ஏற்றினோம். அப்பா உள்ளே நிற்க முடியாமல் தெருவில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். விறகு வெடித்தபோதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. அடுப்பு தாங்கிவிட்டது. கூப்பிட்டுச் சொன்னதும் உள்ளே வந்து கல்லைத் தடவிப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு மாவு பிசைய உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளத்தின்போது எங்கள் போன் கிடைக்காமல் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். இனி மழை வலுத்தால் முதலில் உன்னிடம் சொல்லிவிட்டு மேட்டுத் தெருவுக்குப் போய்விடுவோம். இது என் வாக்கு. அந்த மாடி அறையில் உன் பிள்ளைகள் விளையாடட்டும். லீவு விட்டதும் எல்லோரும் இங்கே வாருங்கள். மெத்தைதான் இல்லை, பாய் இருக்கிறது.

இத்துடன் ஒரு டப்பா ரஸ்க் வருகிறது. நேற்று முதலில் வெந்த ரொட்டியை அப்பா யாருக்கும் விற்கவில்லை, எனக்கும் ஒரு துண்டு தரவில்லை. ரொட்டியாக அனுப்பினால் உன்னிடம் வருவதற்குள் கெட்டுவிடும் என்று துண்டு போட்டு, மறுபடி அடுப்பில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து காயவைத்தார். சாப்பிட்டுவிட்டு அவரிடம் எப்படி இருந்தது என்று சொல்லம்மா. அவராகக் கேட்க மாட்டார். போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அம்மா