துக்கம் கேட்க வந்தவர்களுக்கு மீன் குழம்பு

ஜனவரி 19

அவர் போன் பண்ணி நாலு நாளாகிறது. மேலே போகிறோம், டவர் கிடைக்காது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்குத் தைரியம் ஜாஸ்தி என்று ஊரில் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் என் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அறுப்பு மெஷின் இந்த வாரம் கிடைக்குமா தெரியவில்லை. மாமா வயலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறார். சம்பா சாய்ந்து கிடக்கிறது. ஆயிஷா அக்கா வீட்டுக் கல்யாண ஜாக்கெட்டுகள் வேறு தைக்காமல் கிடக்கின்றன. ஊசி கோக்கவே பொறுமை இல்லை.

ஜனவரி 21

மெஷின் வந்தது. அறுத்தாயிற்று. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு மாமா அங்கேயே காவல் கிடக்கிறார். மேலேயிருந்து இன்னும் போன் இல்லை.

ஜனவரி 23

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் கத்திவிடுவேன் போலிருக்கிறது.

மத்தியானம் டிவியில் கீழே ஓடியது: பனிச்சரிவில் தஞ்சை மாவட்டத்து ராணுவ வீரர் பலி. பெயர் போடவில்லை. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பெயர் இல்லாவிட்டால் என்ன, ஊருக்குத் தெரியாதா? இந்தச் சுற்றுவட்டாரத்தில் பனிமலையில் இருப்பது என் வீட்டுக்காரர் சதீஷ் ஒருத்தர்தானே. கொஞ்ச நேரத்தில் வாசல் நிறைந்துவிட்டது. பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழக் கையை விரித்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருத்தர் கையையும் பிடித்து, உட்காருங்க அக்கா, உட்காருங்க சித்தி என்று பாயைக் காட்டினேன். இவளுக்கு அதிர்ச்சியில் ஏதோ ஆகிவிட்டது என்று என் காதுபடவே பேசினார்கள்.

கல்யாணமான புதிதில் அவர் சொன்னது ஒன்றுதான் எனக்குப் பிடிமானம். "எதாவது ஆச்சுன்னா டிவிக்காரனுக்கு முன்னாடி உனக்குத்தான் சொல்லுவாங்க மேகலா. உனக்குப் போன் வரலன்னா நான் இருக்கேன்னு அர்த்தம்."

வரவில்லை. எனக்குப் போன் வரவில்லை. ஆனால் - லைன் கிடைக்காமல் இருந்தால்? நான் கொல்லைப்பக்கம் போயிருந்தபோது அடித்திருந்தால்? யூனிட் நம்பருக்கு அடித்து அடித்துப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் எதிர்வீட்டிலிருந்து ஒரு குண்டான் சாம்பார் சாதம் வந்தது. சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுவரும். எத்தனையோ வீட்டுக்கு நானே வடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தக் குண்டானைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்க வீட்டில் அடுப்பு எரியும், எடுத்துட்டுப் போங்க என்றேன். அவர்கள் நல்ல மனதோடு கொண்டுவந்ததுதான். என் குரல்தான் நன்றாக இல்லை.

மாமா கொள்முதல் நிலையத்திலிருந்து அப்போதுதான் ஓடிவந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"மாமா, மீன் வாங்கிட்டு வாங்க" என்றேன்.

மாமா என் முகத்தையே பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கெண்டை வாங்கிவந்தவர், என்னிடம் கொடுக்காமல் கிணற்றடியில் உட்கார்ந்து தானே செதில் உரசினார். மாமா மீன் கழுவி யாராவது பார்த்திருக்கிறார்களா?

புளியைக் கெட்டியாகக் கரைத்து, மாங்காய் போட்டு, தெருக்கோடி வரைக்கும் வாசனை போகிற மாதிரி வைத்தேன். கருமாதி முடியாத வீட்டில் கவுச்சி ஆகாது என்று ஊருக்கே தெரியும். தெரியட்டும் என்றுதான் வைத்தேன். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு இலை போட்டேன். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பேர் சாப்பிட்டார்கள். தாரை தாரையாக அழுத வீரையன் பெரியப்பா இரண்டாந்தரம் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

இதற்குள் பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் கட்டிவிட்டார்களாம். 'வீரவணக்கம்.' எல்லாம் அவரோடு படித்த இராஜாங்கத்தின் வேலை. எங்கள் கல்யாணப் போட்டோவிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறான். வெட்டியவன் சரியாக வெட்டவில்லை, என் வளையல் கை அவர் தோளோரம் அப்படியே இருக்கிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மாமா அரிவாளோடு போனார். கயிற்றை அறுத்து பிளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு வந்து மாட்டுக் கொட்டகையில் போட்டார்.

சாமி, இவ்வளவு பேசிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

ஜனவரி 24

காலையில் போன் வந்தது. "நான்தான்" என்றார்.

இருக்கிறார். இருக்கிறார். இருக்கிறார்.

அத்தை போனைப் பிடுங்கி, சாப்பிட்டியாப்பா, சாப்பிட்டியாப்பா என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். மாமா மாட்டுக்கு வைக்கோல் போடப் போகிற மாதிரி அந்தப் பக்கம் போய் நின்று அழுதார்.

திரும்பப் போன் என் கைக்கு வந்தபோது அவர் சொன்னார், இறந்தது லியோவாம். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன். இவர்கள்தான் தோண்டி எடுத்திருக்கிறார்கள். "அப்பாடா" என்றேன். வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது.

மிச்சமிருந்த குழம்பை ஊற்றிக்கொண்டு வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

ஜனவரி 25

லியோவின் மனைவி பெயர் ஷீபாவாம்.

ஜனவரி 27

லியோவைக் கொண்டுவந்தார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனங்கள் பூவோடு நின்றார்கள், கடைகளைத் தாங்களாகவே அடைத்தார்கள் என்று போய்வந்த இராஜாங்கம் சொன்னான். எங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் நிறையப் போயிருக்கிறார்கள். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

இராஜாங்கம் வாசலிலேயே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அவனுக்கு மரியாதை பண்ணணும்ங்கற அவசரத்துல பண்ணிட்டேன் தங்கச்சி என்றான். வண்டி வண்டியாகத் திட்டலாம் என்று வைத்திருந்தேன். அத்தை முந்திக்கொண்டு காபியை நீட்டிவிட்டார்.

சாயங்காலம் தூறல். கொள்முதல் நிலையத்தில் எங்கள் குவியல்மேல் மாமா அந்த பிளெக்ஸைத்தான் போட்டு மூடியிருக்கிறார், எழுத்து உள்பக்கம் போகும்படி. கெட்டியான சாமான், ஒரு பொட்டு ஈரம் இறங்கவில்லை என்று மெச்சிக்கொள்கிறார். உங்க பிள்ளை செத்தும் நெல்லைக் காப்பாத்துறார் மாமா என்றேன். மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

பிப்ரவரி 14

லீவில் வந்துவிட்டார். கன்னத்தில் தோல் உரிந்திருக்கிறது. கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "என்ன, மாட்டுச் சந்தையில பாக்கற மாதிரி பாக்கற" என்றார்.

ஷீபா வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. அவருக்கும்தான்.

பிப்ரவரி 16

போய் வந்தோம். தென்னந்தோப்புக்கு நடுவே சின்ன வீடு. ஷீபா என்னைவிடச் சின்னவள். லியோவின் அப்பா இவர் கையைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டு விடவே இல்லை. மகன் அங்கே என்ன சாப்பிடுவான், எப்படித் தூங்குவான், யாரோடு சண்டை போடுவான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இவரும் ஒன்று விடாமல் சொன்னார். ஒரு இடத்தில் அந்தப் பெரியவர் சிரிக்கக்கூடச் சிரித்தார்.

ஷீபா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். டீ போடுகிற சாக்கில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்: "டிவில பேரு போடாம ஓடிச்சே, அப்ப நீங்க என்ன வேண்டிக்கிட்டீங்க அக்கா?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை.

"வேற யாராவதா இருக்கணும்னு" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். திரும்பினாள். "எனக்கு அதுக்கு முன்னாடியே போன் வந்திருச்சு. பேசுனவரு பேர ரெண்டு தரம் சொன்னாரு. வேற யாரு வீட்டுக்கோ பண்ண வேண்டிய போனா இருக்கணும், மாதாவே, வேற யாரு வீட்டுக்காச்சும்னுதான் நானும் வேண்டுனேன்."

இரண்டு பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதோம். டீ ஆறிப்போயிற்று. அன்று காலை 'அப்பாடா' என்றதிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இன்றைக்குத்தான் இறங்கியது. துக்க வீட்டில் 'வருகிறேன்' என்று சொல்லக்கூடாது என்பதால் சொல்லாமலே செருப்பை மாட்டினேன். ஷீபா வாசலுக்கே வந்துவிட்டாள். "வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க அக்கா" என்றாள். சொன்னேன்.

மார்ச் 3

அவரை ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

மார்ச் 18

மேலே போய்விட்டார், போன் இல்லை. சாயங்காலம் டிவியில் மறுபடி ஓடியது: கடும் பனிப்பொழிவு, மீட்புப் பணி. என் கை ரிமோட்டைத் தேடுவதற்குள் போன் அடித்தது. ஷீபா.

"அக்கா, டிவிய அணைச்சிட்டு எங்கிட்ட பேசுங்க."

அணைத்தேன். தேங்காய் வெட்டு நடப்பதைச் சொன்னாள். தையல் கற்றுக்கொள்ள வரட்டுமா என்று கேட்டாள். வா, முதலில் என் பாக்கி ஜாக்கெட்டுக்கெல்லாம் கொக்கி தைத்துக் கொடு என்றேன். ரொம்ப நேரம் பேசினோம். வைக்கும்போது, "அண்ணன் போன் பண்ணுனா ஒரு மிஸ்டு கால் குடுங்க, எப்பன்னாலும்" என்றாள்.

மார்ச் 20

விடிகாலையில் அவர் பேசினார். நன்றாக இருக்கிறாராம். அத்தையை எழுப்புவதற்கு முன்னால் ஷீபாவுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.