தண்ணீர் தொடாத படகு

அன்பு மகன் கௌதம்ராஜுக்கு, அப்பா எழுதுவது. ஸ்வீடன் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். நாங்கள் நலம் என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. போனில் பேசலாமென்றால் உன் அம்மா பக்கத்தை விட்டு நகர்வதில்லை, அதனால் தாலுகா ஆபீஸ் வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த இடத்தில், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் புகைக்கு இருமிக்கொண்டே எழுதுகிறேன்.

நீ படகு ஓட்டுகிற விஷயம் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நீ ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாகத்தானே சொல்லி வைத்திருந்தோம், உன் மாமன் மகன் வேல்பாண்டி வந்து, அத்தை, அத்தான் ஓட்டுற படகப் பாருங்க, கரண்டுல ஓடுது, பொகையும் கெடையாது சத்தமும் கெடையாதுன்னு நீ அவனுக்கு அனுப்பிய வீடியோவைப் பெருமையாகக் காட்டிவிட்டான். அவன் வாய்க்கு யார் பூட்டுப் போடுவது. அய்யனார் கோவில் ஆற்றில் திடீரென்று வெள்ளம் இறங்கி உன் அண்ணன் சிவபாண்டியைக் கொண்டுபோனதிலிருந்து அவள் கண்மாய்க்கரை வழியாகக்கூட நடப்பதில்லை, மலையில் மேகம் கறுத்தாலே கதவைச் சாத்திவிடுகிறாள், அவளிடம் போய்ப் படகைக் காட்டலாமா? அன்றிலிருந்து எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

பிறகு ஒருநாள் அவளாகவே வந்து அந்த வீடியோவைக் காட்டச் சொன்னாள். எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன், அடியில் இறக்கை மாதிரி இருக்கிறது, வேகம் பிடித்ததும் படகு தண்ணீரை விட்டு மேலே எழும்பிவிடும், பெரிதாக அலையும் அடிக்காது, நம் டவுன் பஸ் மாதிரி ஜனங்கள் அதில் ஏறித்தான் வேலைக்குப் போகிறார்கள் என்றேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அப்ப எம்பிள்ள மேல தண்ணி படாதா என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். படாது என்று சொல்லித் தொலைத்தேன்.

அதிலிருந்து விடிந்தால் அந்த வீடியோதான். கரை நெருங்கும்போது படகு வேகம் குறைந்து தண்ணீரில் உட்கார்ந்துவிடும் என்று நீ சொன்னாய் அல்லவா, அந்த இடம் வருமுன்பே போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். ஒரு பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்தவள் இன்னொருவனை அந்தரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறாள். தண்ணீரில் இறங்கினால்தானே கரைக்கு வர முடியும் என்று சொல்ல வாய் வரை வந்தது.

வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல மாட்டேன், நீ ஆசைப்பட்டுப் போன வேலை. குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. அய்யனார் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, ஆனாலும் உன்னை அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நன்றாக இரு அய்யா.

ஒன்று மறக்காதே. தினமும் வேலை முடிந்து இறங்கியதும், உன் கால் தரையில் இருப்பது தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு. அம்மாவுக்காக மட்டும் கேட்கவில்லை. அந்த வீடியோவை நானும் கடைசி வரை பார்த்ததில்லை.

உன் நினைப்பாகவே இருக்கும் அப்பா,
சுந்தரபாண்டியன்