எதிர்க்கடைத் தேயிலை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது. நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை வந்தாலும் அன்றைக்கே தீர்த்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். நேற்று போனில் நான் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டதை நீ கண்டுபிடித்துவிட்டாய். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே.

கண்ணாடிக் கடையில் என் வேலை எப்போதும் போலத்தான், லென்ஸைத் தேய்க்கிறேன், ஃபிரேமில் பொருத்துகிறேன், மூக்கில் உறுத்துகிறது என்று வருகிறவர்களுக்கு வளைத்துக் கொடுக்கிறேன். போன மழைக்காலத்தில் டாக்டர் இரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று சொல்லி டீயில் சர்க்கரையை நிறுத்தச் சொன்னார். சர்க்கரை போடாத பால் டீ எனக்குத் துணி அலசிய தண்ணீர் மாதிரி இருந்தது, நாலு மணி ஆனால் எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு எதிரே, செருப்புக் கடை இருந்த இடத்தில், சீனத் தேயிலை விற்கும் கடை ஒன்று வந்தது. பாலும் வேண்டாம் சர்க்கரையும் வேண்டாம் என்று வாசலில் எழுதியிருந்ததைப் பார்த்து நம்மை மாதிரி ஆட்களுக்குத்தான் போலிருக்கிறது என்று போய்ப் பச்சைத் தேயிலை ஒரு பொட்டலம் வாங்கிவந்து, வழக்கம்போல பாத்திரத்தில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டுக் குடித்தேன். நாக்கு சுருண்டுவிட்டது. மறுநாள் நேராகப் போய் உங்கள் இலை கெட்டுப்போனது என்று சொன்னேன். கடைக்காரர் முன்பு கப்பலில் இயந்திரப் பிரிவில் இருந்தவர், என்னைவிட ஓரிரு வயது பெரியவர், குரலை உயர்த்தாத மனிதர். எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டுவிட்டு, "இலை மேல தப்பு இல்லைங்க, நீங்கதான் அதைக் கொஞ்சம் கொடுமைப்படுத்திட்டீங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது.

அதே இலையைக் கிண்ணத்தில் போட்டு, தண்ணீர் கொதித்து அடங்கிய பிறகு, கெட்டில் வாயில் ஆவி மெல்லிசாக ஆனதும் ஊற்றி, கொஞ்ச நேரத்திலேயே வடித்துக் கொடுத்தார். அவித்த பச்சைப் பட்டாணி வாசனை அடித்தது, கசப்பே இல்லை. அப்படித்தான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. நீ ஆபீசில் நூல் கட்டிய பையை முக்கி முக்கிக் குடிக்கிறாயே, அதில் இருப்பது பெரும்பாலும் தூள்தான். முழு இலையாகப் பார்த்து வாங்கு, வாங்குமுன் உள்ளங்கையில் கொஞ்சம் போட்டு வாயால் ஊதி மோந்து பார், பெட்டியின் அழகையும் பெயரில் இருக்கும் மலையையும் மேகத்தையும் நம்பாதே. முதலில் ஊலாங் என்ற வகையை வாங்கு, மிளகு மாதிரி சுருண்டிருக்கும், வெந்நீர் பட்டதும் முழு இலையாக விரியும், சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கோபித்துக்கொள்ளாது. ஒரே இலையில் திரும்பத் திரும்ப ஊற்றிக் குடிக்கலாம், இரண்டாவது ஊற்றுதான் எனக்குப் பிடிக்கும். பூஏர் என்று வறட்டி மாதிரி அழுத்தி வைத்த தேயிலை ஒன்று இருக்கிறது, முதல் தடவை எனக்குப் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்த மாதிரி இருந்தது, துப்பப் பார்த்தேன், இப்போது மழை நாளில் அதைத்தான் தேடுகிறேன். எதை வாங்கினாலும் சின்னப் பொட்டலமாக வாங்கு, ஒன்று பழகுமுன் இன்னொன்றுக்குத் தாவாதே, மசாலா டப்பா பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதே. மூடி போட்ட கிண்ணத்தில் போட்டு, மூடியைச் சாய்த்துப் பிடித்து வடிப்பதுதான் பெரிய வித்தை, நான் விரலைச் சுட்டுக்கொள்ளாத நாளே கிடையாது.

இலை நிறுக்கும்போது அவர் தராசைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து முள்ளைப் பார்ப்பதை நான் கவனித்தேன். முதலில் உங்கள் கண்ணைக் காட்டுங்கள் என்று எங்கள் கடைக்கு இழுத்துவந்தேன். பரிசோதித்ததில் கண்ணில் புரை முற்றியிருந்தது. உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். அவருடைய மனைவி தவறி வெகு காலம் ஆகிறது, ஒரே மகள், அவளும் உன்னை மாதிரி எட்டாத தூரத்தில். கடையைப் பூட்டிவிடுகிறேன் என்றார். புதுக் கடையைப் பூட்டினால் வந்த நாலு பேரும் மறந்துவிடுவார்கள் என்று நான்தான், என் வேலை முடிந்த பிறகு சாயங்காலம் திறந்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்த வார்த்தை என்று இப்போதும் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்தது கைப்பிடி அளவு, கேட்பவர்களுக்கு அதையே தைரியமாகச் சொன்னேன், தெரியாததற்குத் தெரியாது, போட்டுக் குடித்துப் பார்ப்போம் என்று சொல்லி வந்தவரையும் உட்கார வைத்தேன். வியாபாரம் மோசமில்லை.

அப்படி ஒரு சாயங்காலம் நிமிர்ந்து பார்த்தால் உன் அத்தை வாசலில் நிற்கிறார். யார் சொன்னார்களோ தெரியாது. அப்பாவுக்குக் கூடப்பிறந்த அக்கா, அப்பா போன பிறகு நம்மைத் தாங்கிப் பிடித்தவர், என் கையிலிருந்த கிண்ண மூடி தரையில் விழுந்து உடைந்தது. அவர் உள்ளே வந்து உட்கார்ந்து, இலை வாங்க வந்திருந்த ஆள் போனதும், "என் தம்பி பொண்டாட்டி யாரு கடையில உக்காந்திருக்கான்னு கேக்க எனக்கு உரிமை இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியலம்மா. ஆனா கேக்காம வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு இறங்காது" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், சொல்லும்போதுதான் எனக்கே சில விஷயம் தெரிந்தது. காலையில் எழுந்ததும் இன்றைக்கு எந்த இலை போடுவது என்று யோசிக்கிறேன், அந்த யோசனையில் எப்போதும் இரண்டு கிண்ணம் இருக்கிறது என்றேன். அத்தை குனிந்து உடைந்த மூடித் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். பிறகு, எனக்கும் ஒண்ணு போடு, பாப்போம் என்றார். ஊலாங் போட்டேன். குடித்துவிட்டு, "சக்கரை போட்டா இன்னும் நல்லா இருக்கும்" என்றார், மூன்றாவது ஊற்று வரைக்கும் எழுந்திருக்கவில்லை. போகும்போது என் தலையை ஒருமுறை தடவிவிட்டு, "புள்ளைகிட்ட நீயே சொல்லிடு, ஊர் வாயால அவன் காதுக்குப் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண் சரியாகி வந்தவர் முதல் வேலையாக நான் டப்பாக்களில் ஒட்டியிருந்த பெயர்களைப் படித்து, எழுத்துப் பிழை கண்டுபிடித்தார். அப்புறம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டப்பாவைத் துடைத்தபடியே, "கடையைச் சாத்துற நேரம் வந்தா முன்னெல்லாம் அப்பாடான்னு இருக்கும். இப்ப அந்த நேரம் வராம இருந்தா நல்லா இருக்கும்னு தோணுதுங்க. பதிவாளர் ஆபீஸுக்கு ஒருநாள் சேர்ந்து போய்ட்டு வரலாமான்னு கேட்டா தப்பா எடுத்துக்குவீங்களா" என்றார். யோசிக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

யோசித்தேன் மகனே. உன் அப்பாவுக்கு டீ என்றால் கரண்டி நிற்கிற மாதிரி இருக்க வேண்டும், இதைக் குடித்திருந்தால் புல்லைக் கழுவிய தண்ணீரா என்று கேட்டிருப்பார். அந்தக் குரல் இன்னும் அப்படியே என் காதில் இருக்கிறது. அவருடைய இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்கிறேனோ என்று பயந்து என்னை நானே துருவிப் பார்த்தேன். அப்பாவின் நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது, அதை யாரும் நகர்த்தச் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக் கதவைத் திறக்கும்போது உள்ளே இருந்து யாராவது வந்துட்டியா என்று கேட்க வேண்டும் போல இருக்கிறது. இதை உன்னிடம் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது, சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை அவரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். நாள் மட்டும் குறிக்கவில்லை, என் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் என்று சொன்னேன். நல்லது, அதுதான் முறை என்றார்.

நான் உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீ முகம் சுளித்தால் எனக்கு அந்த நாள் பாதி நாள்தான். போனில் சொல்லியிருந்தால் நீ என் குரலைக் கேட்டு உடனே "சரிம்மா" என்று சொல்லியிருப்பாய், சின்ன வயதிலிருந்து உனக்கு அதுதான் பழக்கம், பிறகு தனியாக உட்கார்ந்து குமைவாய். அதனால்தான் எழுதுகிறேன். இரண்டு முறை படி, மருமகளிடம் காட்டு, கோபம் வந்தால் கோபப்பட்டு முடி, அதற்கப்புறம் கூப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, பல் வலிக்கு டாக்டரைப் பார்ப்பதாகச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று, முதலில் அதைச் செய். நீயும் அவளும் எந்தக் குறையும் இல்லாமல், எந்நாளும் ஒருவர் முகம் பார்த்து ஒருவர் சிரிக்கிற மாதிரி வாழ வேண்டும்.

நீ என்ன பதில் சொன்னாலும்,
உன் அம்மா.