ஸ்பீக்கருக்குள் ஏழாம் நம்பர் மலை

பழக்கம்தான், வேறொன்றுமில்லை. கடை முதலாளி, எல்லோரும் நானா என்று கூப்பிடுபவர், இன்று காலையும் கேட்டார். "ஏன்டா தம்பி, ஒலகத்துல பாட்டே இல்லையா? ஸ்பீக்கர் மாத்துற எல்லா போன்லயும் இந்தப் பொடியன் பேசுறதத்தானே போடுற?" அவருக்குச் சொன்ன பதில்தான் உனக்கும்.

உன் கீச்சுக் குரல். பின்னால் அக்கரப்பத்தனை பஸ் நிற்கும் இடத்தின் தகரக் கூரையில் மழை. மெல்லிய சத்தமும் கனத்த சத்தமும் ஒரே பதிவில் எளிதில் கிடைக்காது. இரண்டும் பிசிறில்லாமல் கேட்டால் ஸ்பீக்கர் சரி. அதற்காகத்தான் நீ அனுப்பிய அன்றைக்கே அதைக் கடை மெமரி கார்டில் போட்டு வைத்தேன். பாசத்தால் அல்ல. அப்போது நீ இருந்தாய்.

நாம் தோட்டத்தில் ஒரே லயத்து வீடுகள், ஒரே உயிரியல் வகுப்பு. நான் உயர்தர வகுப்பைப் பாதியில் விட்டேன், நீ அதை முடித்துக் கம்பசுக்குப் போனாய். எனக்கு முதலில் கொழும்பில் துணிக்கடை, பிறகு பேக்கரி, இப்போது ஹட்டனில் இந்த போன் கடை. "ஒரு எடத்துல நில்லுடா, மொதலாளி ஒன் பேரப் பழகுறதுக்குள்ள ஓடிர்ற" என்று திட்டுவாய். ஆனாலும் படித்ததையெல்லாம் வாய்ஸ் மெசேஜாக எனக்கு அனுப்பிவிடுவாய். எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டதே இல்லை.

இந்தப் பதிவு எனக்கு மனப்பாடம்.

"டேய், ஒனக்கு வெளங்குற மாதிரி சொல்றேன் கேளு. காலையில பெரட்டுல எல்லாரையும் நிக்க வெச்சு கங்காணி வேல பிரிச்சுக் குடுக்குறாரில்ல, இன்னைக்கு ஏழாம் நம்பர் மலைன்னு? அந்தப் பேச்சுதான் ஆர்.என்.ஏ. மரபணுவிலேருந்து வர்ற உத்தரவு. அது நாளைக்கும் செல்லும்னு வையி, அம்புட்டுப் பேரும் கூடையத் தூக்கிக்கிட்டு மறுபடி ஏழாம் நம்பருக்கே போவாங்க. பறிச்சு முடிச்ச தேயிலையில கொழுந்து ஏது? அதனால பாக்டீரியா, சொன்ன பேச்ச சில நிமிசத்துலயே வெட்டிப்போட்டுரும். அதுக்குன்னே ஒரு நொதி இருக்கு, கத்தரிக்கோல் மாதிரி. எத வெட்டணும்னு காட்டிக்குடுக்க சின்னச் சின்ன ஆர்.என்.ஏ.வும் இருக்கு, கணக்கப்புள்ளைகிட்டக் கோள் சொல்றவன் மாதிரி. வெட்டுன துண்டையும் வீசாது. எழுத்து எழுத்தாப் பிரிச்சு அடுத்த உத்தரவுக்கு எடுத்துக்கும். எம்புட்டுப் புரதம் வரும்ங்குறது உத்தரவு போடுற வேகத்துல மட்டும் இல்லடா, அத அழிக்கிற வேகத்துலயும் இருக்கு. சரி, பஸ் வந்திருச்சு, போறேன்."

அந்தக் கத்தரிக்கோல் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று எழுதிக் கேட்டேன். "சில பாக்டீரியா செத்தே போகும்டா. பழைய பேச்செல்லாம் சேந்து கெடந்தா எப்புடிப் பொழைக்கும்?" என்றாய்.

நம் மெசேஜ் எல்லாம் ஒரே நாளில் தானாக அழியும்படி வைத்ததும் நீதான். "வேலைய முடிச்ச பேச்சு போயிறணும்டா" என்று சிரித்தாய். அப்படியே போய்விட்டன. உன் பெயரைத் தட்டினால் வெறும் திரைதான்.

கம்பசில் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். பிறகு இரத்தத்தில் பாக்டீரியா என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது நான் கத்தரிக்கோலை நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குள் நுழைந்ததும் அந்தப் பாக்டீரியாக்கள் பழைய உத்தரவை வெட்டிப்போட்டுப் புதிய வேலையைத் தொடங்கியிருக்கும். நீ பிழைத்திருந்தால் அதையும் வாய்ஸ் மெசேஜ் போட்டிருப்பாய். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. அன்றைக்குப் பசித்தது, சாப்பிட்டேன்.

கடையில் ஒரு பையன் தன் போனை வாங்கும்போது அதில் உன் குரலைக் கேட்டுவிட்டு, "அண்ணே, இவரு எந்தத் தோட்டத்துக் கங்காணி?" என்று கேட்டான். நானும் சிரித்தேன். சிரிப்பு வருகிறது. அதுதான் ஏன் என்று தெரியவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார், உன் அம்மா. "போன் தண்ணிக் கான்ல விழுந்திருச்சு தம்பி. மணி அடிக்கிது, பேச்சு கேக்கல." பட்டன் போன். திறந்து காயவைத்து ஸ்பீக்கரை மாற்றினேன். சரியா என்று பார்க்க மெமரி கார்டைப் போட்டேன். கைதான் போட்டது, நான் யோசிக்கவில்லை. பதிவில் மழை இரைந்தது. "டேய், ஒனக்கு வெளங்குற மாதிரி" என்று நீ ஆரம்பித்துவிட்டாய்.

நிறுத்தப் போனேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசிவரை கேட்டார். நானா எழுந்து வெளியே போய்விட்டார்.

"யாருடா அந்தக் கோள் சொல்றவன்?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது அத்தை."

"கூடையத் தூக்கி அறியாத பய, மலையப் பத்திப் பேசுறான் பாரு. ஒரு வாரம் போனா ஏழாம் நம்பர்ல மறுபடி கொழுந்து வந்துரும். அத விட்டுட்டான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இன்னொருக்காப் போடு."

போட்டேன். பிறகு, "ஒங்க போன்லயே ஏத்தித் தரவா அத்தை?" என்று கேட்டேன்.

"வேணாம். மடியில இருந்தா நான் மலைக்குப் போக மாட்டேன், கேட்டுக்கிட்டே கெடப்பேன். நீ வெச்சிரு. ஞாயித்துக்கெழம வாறேன்." படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். "நீ எங்கயும் ஓடிறாத."

அதனால்தான் இன்னும் இந்தக் கடையில் இருக்கிறேன். பதிவுக்கு மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். நீ சொன்ன பாடத்துக்கு நேர் எதிர், தெரியும். மாலையில் கடை சாத்தும்போது கை போனை எடுத்து உன் பெயரைத் தட்டுகிறது. வெறும் திரையைப் பார்த்துவிட்டு வைக்கிறேன். மறுநாளும் தட்டுகிறது. எனக்குள் அந்த உத்தரவை யாரும் இன்னும் வெட்டவில்லை. ஏழாம் நம்பருக்கே போய் நிற்கிறேன்.

இன்று ஞாயிறு. அக்கரப்பத்தனை பஸ் வந்துவிட்டது. அத்தை குடையை மடக்கிக்கொண்டு பாதையைக் கடக்கிறார். கார்டைப் போட வேண்டும். நான் போகிறேன்.