காற்று 0.21: ஒரு நெடுந்திரைக் கைபேசியின் அன்றாடச் சோதனை

நாள் 9. நிலைய நேரம் 09:10

சோதனைப் பொருள்: மேரு நெடுந்திரைக் கைபேசி, இரண்டு. ஒன்று என்னிடம், மற்றொன்று ஜெசிந்தாவிடம். இடம்: நிலாவின் தென்முனை, நிலையம் 3. ஆட்கள்: நாங்கள் இருவர் மட்டும். எழுதுபவர்: நஞ்சப்பன், நிலையப் பொறியாளர், வயது 43, கோயம்புத்தூர் கணபதி.

திரை 7.4 அங்குலம். வெளிச்சம் தாராளம். கையுறையோடு தொட்டாலும் கேட்கிறது. ஒரே கையில் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் மேல் மூலையைத் தொட முடியவில்லை. எனக்கு விரல் குட்டை என்று ஜெசிந்தா சொன்னாள். அவளாலும் முடியவில்லை. சட்டைப் பையில் முக்கால் பாகம்தான் நுழைகிறது, குனிந்தால் விழுகிறது. இங்கே எதுவும் ஆடி அசைந்துதான் விழும் என்பதால் உடையவில்லை. பூமியில் இருப்பவர்கள் இதை நம்பிக் குனிய வேண்டாம்.

யார் கையில் இந்தக் குறிப்பு கிடைக்கிறதோ அவருக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டு இங்கே அறுபது பேர் வருகிறார்கள். ஆளுக்கு ஒரு கைபேசி கொடுத்துவிட்டு, சுவரிலும் வண்டியிலும் இருக்கும் காற்றளவிகளைக் கழற்றி எடையைக் குறைக்கலாம் என்று மேலிடம் நினைக்கிறது. கைபேசியின் உச்சியில், நடுவில், குண்டூசித் துளைகள் இரண்டு இருக்கின்றன. நாம் மூச்சுவிட்டுக் கெடுக்கும் காற்றை அவை அளக்கும். கரியமில வாயு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டினால் கைபேசி கூவி, காற்றைச் சுத்தம் செய்யும் சுத்திப் பெட்டியை மாற்றச் சொல்லும். ஒரு ஆள் அதை மட்டும் நம்பி உயிரோடு இருக்கலாமா என்பதுதான் கேள்வி. முப்பதாம் நாள் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

பம்பு கழற்றிப் பழகிய கை இது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஒரு கண்ணாடித் துண்டைத் தடவிப் பார்த்து எழுதுவதில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நாள் 11. 10:30

இன்று ஆயுத பூசை. சோதனை விடுமுறை. பூசை வைத்த கருவியை அன்று தொடுவதில்லை என்பது எங்கள் பட்டறை வழக்கம். மேலிடத்துக்கு இதற்கு விளக்கம் வேண்டுமானால் அப்புறம் எழுதுகிறேன்.

சொந்தச் சாமானில் இருபது கிராம் சந்தனத் தூளும் ஒரு சிமிழ் குங்குமமும் கொண்டுவந்திருந்தேன். தண்ணீர்ப் பம்புக்கு, துளைக்கருவிக்கு, ஸ்பானர் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தேன். என் கைபேசியையும் மேசைமேல் நிறுத்தி வைத்தேன். ஜெசிந்தாவுடையது பக்கத்தில் மின்னேற்றத்தில் கிடந்தது, அதைத் தொடவில்லை. எதற்கெல்லாம் வைத்தேன் என்று உள்தொடர்பில் சொன்னதும் வண்டிக் கொட்டகையிலிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது.

"அண்ணாச்சி, என் போனை மட்டும் ஏன் விட்டு வைக்கீங்க? எங்க அப்பா போட்டு எஞ்சினுக்கே மாதா படத்துக்குக் கீழ பொட்டு வைப்பாவ. நம்ம போன் என்ன பாவம் பண்ணிச்சு? வைங்க, கோணாம வைங்க."

ஜெசிந்தா மணப்பாட்டுப் பெண். வயது 29, பனிப்படிவ ஆய்வாளர். நான்கு மாதமாக என் உப்புமாவைத் திட்டாமல் சாப்பிட்ட ஒரே ஆள். கோணாமல்தான் வைத்தேன். நெற்றி என்றால் உச்சியும் நடுவும்தானே. இரண்டு கைபேசிக்கும் ஒரே இடத்தில், அளவெடுத்த மாதிரி. இந்த வறண்ட காற்றில் சந்தனம் பத்து நிமிடத்தில் சிமெண்டாகிவிட்டது.

நாள் 12. 07:40

07:00க்கு ஜெசிந்தா வண்டியில் கிளம்பினாள். குடுவைப் பள்ளம், பதினான்கு கிலோமீட்டர். தனியாக ஆறு நாள். பள்ளத்தின் விளிம்பு மறைப்பதால் நேரடித் தொடர்பு கிடையாது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை துணைக்கோள் தலைக்கு மேல் போகும்போது ஒன்பது நிமிடம் பேசலாம்.

சோதனை விதிப்படி வண்டியின் பழைய காற்றளவியை நானே அணைத்தேன். அவளுடைய காற்றுக்குக் கைபேசிதான் பொறுப்பு. ஒரு சுத்திப் பெட்டி 48 மணி நேரம் தாங்கும். ஆனால் மணியைப் பார்த்து மாற்றக் கூடாது, கைபேசி சொன்னபோதுதான் மாற்ற வேண்டும். அதுவும் விதி. இருக்கைக்குப் பின்னால் மாற்றுப் பெட்டி பதினொன்று இருக்கிறது.

நாள் 13. 16:05

காற்றளவு இரண்டு நாளாக 0.21. சமைத்தேன், ஓடினேன், தூங்கினேன். வரைபடத்தில் கோடு நூல் பிடித்தாற்போல நேராகப் போகிறது. சுவரளவி 0.2க்கும் 0.5க்கும் நடுவே பேயாட்டம் ஆடுகிறது. கைபேசியின் நிலைத்தன்மை பாராட்டத்தக்கது என்று அறிக்கையில் எழுதினேன்.

15:50 துணைக்கோள் சுற்றில் ஜெசிந்தா உற்சாகமாக இருந்தாள். "காத்து பாயிண்ட் ரெண்டு ஒண்ணு. பச்சை. ஐஸ் நல்ல ஆழத்துல கெடக்கு அண்ணாச்சி."

நாள் 14. 08:02

"அண்ணாச்சி, இந்தத் திரை கண்ணைப் பறிக்கு. விடிஞ்சதுல இருந்து தலை விண்ணுவிண்ணுனு தெறிக்கி. இதையும் ஒங்க நோட்டுல எழுதிக்கிடுங்க."

"வெளிச்சத்தைக் கொறச்சுக்கங்க அம்மணி. காத்து எப்படிங்க?"

"பாயிண்ட் ரெண்டு ஒண்ணு."

குறைகள் பகுதியில் சேர்த்தேன்: திரை பெரிதாக இருப்பதால் நீண்ட நேரப் பயன்பாட்டில் தலைவலி வரலாம்.

நாள் 14. 16:00

"எத்தன வாட்டி கேப்பீங்க? ஒங்களுக்கு வேற சோலி கெடையாதா? நான் என்ன சின்னப் பிள்ளையா? காத்து நல்லாருக்கு. நல்லாருக்கு. நல்லாருக்கு. போதுமா?"

ஒன்பது நிமிடத்தில் நாலாவது நிமிடமே தொடர்பைத் துண்டித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. நாலு மாதத்தில் ஒரு கடுஞ்சொல் பேசாத பெண். நானும் வீம்புக்கு உட்கார்ந்து, எழுத்துரு அளவு, பேட்டரி, படம் எடுக்கும் தரம் என்று மூன்று பக்கம் நிரப்பினேன். ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை. கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

நாள் 15. 08:03

"அண்ணாச்சி... ஐஸ் எடுத்த குப்பி பதினாலு. இல்ல, நாலு. எண்ணிட்டுத்தான் இருந்தேன்... ஒரே ஒறக்கமா வருது. செத்த நேரம் படுத்துட்டு... நீங்க ஏதோ கேட்டீங்கல்ல? காத்து பாயிண்ட் ரெண்டு ஒண்ணு."

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

நாள் 15. 08:20

என் கைபேசியிலும் 0.21.

இங்கே நூறடிக் கூடம். அங்கே ஒரு ஆள் காலை நீட்ட முடியாத வண்டி. இரண்டு அடுப்பில் வைத்த உலை ஒரே நொடியில் கொதிக்குமா? நாலு நாளாக ஒரே எண்.

08:31

கைபேசியின் உச்சியில் வாயை வைத்து முப்பது தடவை ஊதினேன். 0.21.

08:34

பொட்டு.

துளைகளின் மேல்தான் இருக்கிறது. திருப்புளியால் சுரண்டினேன். 0.38. ஊதினேன். 2.9. கூவுகிறது. நன்றாகக் கூவுகிறது, ஒரு குறையும் இல்லை.

பூசையன்று மேசையில் இருந்த காற்றைச் சந்தனம் உள்ளே வைத்துப் பூசிவிட்டது. இரண்டு கைபேசியும் நாலு நாளாக அந்தக் காற்றைத்தான் அளந்துகொண்டிருக்கின்றன. துளை எங்கே இருக்கிறது என்று ஒன்பதாம் நாள் நானே எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தில் இருக்கிறது.

அவளுடைய பெட்டி நேற்றுக் காலையே செத்துவிட்டது. அவள் திரையைக் குற்றம் சொன்னாள், நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

08:52

பூமிக்குச் சொன்னேன். பணியதிகாரி இளம்பரிதியின் பதில்:

"நஞ்சப்பன் சார், 15:50 சுற்று வரைக்கும் வெளிய போகாதீங்க. தனியாள் நடைக்கு அனுமதி கிடையாது. உங்க உடுப்புல திரும்பி வர்ற அளவுக்குக் காத்து இருக்கான்னு கணக்குப் பாத்துச் சொல்றோம்."

கணக்கை நான் பார்த்துவிட்டேன். உடுப்பில் ஏழு மணி நேரக் காற்று. வேறு வண்டி கிடையாது; நடந்து போக மூன்றரை, வர மூன்றரை. மிச்சம் ஒன்றும் இல்லை. 15:50க்கு இன்னும் ஏழு மணி நேரம் இருக்கிறது. அவள் படுக்கப் போகிறேன் என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவளை நினைத்தும், என்னை நினைத்தும். இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

09:15

இதை எடுப்பவருக்கு. அறுபது பேர் விஷயத்தில் என் முடிவு: காற்றளவியைக் கழற்றாதீர்கள். கைபேசி பொய் சொல்லவில்லை. தனக்கு மூக்கு அடைத்திருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் யாரும் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. மீதிக் குற்றம் என்னுடையது. ஜெசிந்தாவின் வீட்டில் விவரம் கேட்டால் பொட்டு வைத்தது நஞ்சப்பன் என்று சொல்லுங்கள். அவள் கேட்டுத்தான் வைத்தேன் என்று சொல்ல வேண்டாம்.

கிளம்புகிறேன். இனி உடுப்பின் ஒலிப்பதிவில் பேசுகிறேன். அது உடுப்பிலேயே எழுத்தாகி, தொடர்பு கிடைக்கும்போது நிலையத்தில் ஏறும்.

10:40

ஐந்து கிலோமீட்டர். துள்ளித் துள்ளிப் போனால் வேகம் வருகிறது, மூச்சும் அதிகம் போகிறது. நடந்தால் காற்று மிச்சம், நேரம் நஷ்டம். துள்ளுகிறேன்.

11:55

விழுந்தேன். முழங்கால். உடுப்பு கிழியவில்லை. வண்டித் தடம் தெளிவாக இருக்கிறது. நேராக ஓட்டியிருக்கிறாள்.  

12:36

விளிம்பில் ஏறிவிட்டேன். வண்டி தெரிகிறது. கடைசி ஒரு கிலோமீட்டர் தடம் மட்டும் பாம்பு மாதிரி வளைகிறது; இரண்டாம் நாள் இடம் மாற்றிய தடமாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். விளக்கு எரிகிறது. அழைத்தேன். அவளுடைய கைபேசியின் குரல்தான் பதில் சொன்னது:

"பயனர் உறங்குகிறார். அறைக் காற்று நன்று. அவசரமற்ற அழைப்புகள் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன."

அவசரம் என்று கத்தினேன். "உங்கள் செய்தி குறித்துக்கொள்ளப்பட்டது" என்றது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம், இரண்டு பேரும்.

12:58

வண்டியருகே. சன்னல் வழியாகப் பார்க்கிறேன்.

இருக்கையில் சரிந்து கிடக்கிறாள். உதடு நிறம் சரியில்லை. கைபேசி தாங்கியிலிருந்து கழன்று அவள் நெஞ்சில் கிடக்கிறது, முகவாயில் சாய்ந்தபடி. பச்சை எழுத்து. 0.21, நன்று. பொட்டு அப்படியே இருக்கிறது, கோணாமல்.

கதவைத் திறக்க முடியாது. அவள் உடுப்பு போடவில்லை. திறந்தால் அந்த நொடியே போய்விடுவாள்.

13:04

வெளிப்புறத்தில் கழிவுத் திருகு ஒன்று இருக்கிறது, அவசரக் காற்று வாய் ஒன்று இருக்கிறது. திருகைத் திறந்து கெட்ட காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறேன். என் உடுப்பின் குழாயைப் பிடுங்கி அந்தக் காற்று வாயில் செருகினேன். என் தொட்டியின் காற்று உள்ளே போகிறது.

இது அவளை எழுப்பும். அதற்கு மேல் தாங்காது. அவள் எழுந்து பெட்டியை மாற்ற வேண்டும். அதை வெளியிலிருந்து யாராலும் செய்ய முடியாது.

13:15

கைபேசித் திரையின் கீழ்ப்பாதி மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது. மூச்சு. அவள் மூச்சு கண்ணாடியில் படிகிறது.

இருக்கிறாள். இருக்கிறாள்.

13:19

மிச்சமிருக்கும் காற்று இனி திரும்பிப் போகப் போதாது. உடுப்பு கூவுகிறது. அணைத்தேன். அவள் எழுந்து பெட்டியை மாற்றி, உடுப்பைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால் இரண்டு பேரும் வண்டியில் போகலாம். கண்ணை மட்டும் திறந்தால் போதும்.

ஸ்பானரால் சட்டத்தில் தட்டுகிறேன். இரும்பு வழியாக உள்ளே கேட்கும்.

13:22

கை அசைந்தது. கைதான். வண்டி ஆடவில்லை.

அம்மணி. பெட்டி உங்களுக்குப் பின்னால இருக்குதுங்க. கையப் பின்னால விடுங்க. அது போதுங்க.

13:24

கண்ணைத் திறந்தாள்.

சத்தம் கேட்டிருக்கிறது. நெற்றியைச் சுருக்குகிறாள். ஏதோ சரியில்லை என்று தெரிகிறது அவளுக்கு. இங்கே, சன்னலுக்கு, இங்கே பாருங்க. கையைத் தூக்குகிறாள். கைபேசியை எடுக்கிறாள். முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறாள். பச்சை வெளிச்சம் முகம் முழுக்க விழுகிறது.

படித்துவிட்டாள்.

சிரிக்கிறாள். சரியாகத்தான் இருக்கிறது என்பது போலத் தலையை ஆட்டிக்கொள்கிறாள்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

13:25

தட்டுகிறேன்

13:27

தொட்டி காலி. தட்டிக்கொண்டுதான் இருக்கிறே