கரைக்குப் பூட்டும் தட்டு

ஒக்டோபர் 9, திங்கள்

மப்பு. மழை வரும் போல் இருந்து வரவில்லை. ஒரே புழுக்கம்.

இரண்டாம் தறி இன்றும் சும்மா. பாவு சுற்றும் உருளையை இவர் கழற்றி முற்றத்தில் போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு நெய்து கொடுக்க வேண்டும். கேட்டால் நாளைக்கு. போன கிழமையும் நாளைக்குத்தான்.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய் (கிடைத்தால்). நீலச் சாயம். பாண். இவருடைய முதுகுக்கு எண்ணெய். எண்ணெய் வேண்டாம், நோகட்டும்.

சாரத்துக்கும் விரிப்புக்கும் இந்தத் தறியில் ஒரே உருளை. சுற்றின பாவு பக்கத்தால் சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் மரத் தட்டு அடிக்கிறோம். அகலம் மாறும்போதெல்லாம் ஆணி பிடுங்கி, தட்டை நகர்த்தி, திரும்ப ஆணி. உருளை முழுக்கத் துளை, அம்மை வந்த முகம் மாதிரி. ஆணியே இல்லாமல், வேண்டிய இடத்துக்கு நகர்த்தி இறுக்கும் இரும்புத் தட்டு செய்கிறாராம். துறைமுக வேர்க்சொப்பில் இவருக்குப் பாஸ் புதுப்பிக்காமல் விட்ட நாளில் இருந்து இந்த விசர்.

ராகினி தறியில் இருந்தபடி கேட்டாள்: "அக்கா, அண்ணை அந்த இரும்போட கதைக்கிறார், கண்டனீங்களோ?"

"என்னோட கதைச்சாத்தான் பயப்பட வேணும்" என்றேன். இவருக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். ராகினி சிரித்தாள். நிலாவெளியில் வீடு எரிந்து, எங்கள் பின்னறைக்கு வந்த நாளில் இருந்து அவள் சிரிப்பது இப்படியான நேரங்களில்தான். அந்தப் புண்ணியமாவது இவருக்குச் சேரட்டும்.

ஒக்டோபர் 11, புதன்

வெயில்.

தட்டைப் பூட்டினார். பாவு சுற்றினோம். பாதி சுற்ற இழுவை கூடி, இடப்பக்கத் தட்டு வழுக்கி ஓடியது. நூல் முழுக்கப் பக்கத்தால் சரிந்து கொட்டியது. இரண்டு நாள் வேலை. நானும் ராகினியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இவர் சிக்கலுக்கு முன்னால் குந்தியிருந்து ஒவ்வொரு நூலாக எடுத்தார். முகத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைத்தானே எழுதலாம், ஆர் படிக்கப் போகிறார்கள்.

"துறைமுகத்திலை உங்களை நிப்பாட்டினது சும்மா இல்லை" என்றேன். நூலில் இருந்து கண்ணை எடுக்காமல், "ஓரத்திலை பிடி காணாது, அதுதான்" என்றார்.

"ஓரம் எண்டு சொல்லாதேங்கோ. கரை எண்டு சொல்லுங்கோ. தறிக்கொட்டிலுக்கை நிக்கிறதெண்டா தறிக்காரன்ரை கதை பழகுங்கோ."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, "கரை" என்றார்.

ஒக்டோபர் 14, சனி

இரவு மழை. கொட்டிலில் ஒழுக்கு.

என் நல்ல தேக்கு உருளையில் நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டார். கேட்காமல். சண்டை. அந்த வாய்க்காலில் ஓடும் பல் ஒன்று தட்டின் உட்புறத்தில். வேண்டிய அகலத்துக்குத் தள்ளி, மூன்று நட்டை இறுக்கினால் சரி.

பின்னேரம் பாவு சுற்றினோம். முழுப் பாவும். வழுக்கவில்லை. "கரை நிக்குது! கரை நிக்குது!" என்று கத்தினார். விரலால் தடவிப் பார்த்தேன். கரை அப்படி நேராக இந்தக் கொட்டிலில் ஒருநாளும் நின்றதில்லை. அதை இவரிடம் சொல்லவில்லை. "சத்தம் போடாதேங்கோ, ஆமிச் சென்றியிலை நிக்கிறவங்கள் வந்திடுவாங்கள்" என்றேன்.

ராகினி அண்ணைக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் சொல்லவில்லை, தானாகத்தான்.

ஒக்டோபர் 16, திங்கள்

ஹாஜியார் வந்தார். கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில் அவருக்கு நிறையத் தறி, எங்களைப் போல் சில்லறை இல்லை. தட்டை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"ரெண்டு சோடி கொண்டு வாங்க தம்பி. என்ட தறியில போட்டுப் பாப்பம். சரி வந்தா எல்லாத் தறிக்கும் எடுப்பன்."

அவர் போனதும் இவர் என்னிடம் வந்து நின்றார். "இஞ்சரும், நீரும் வாருமன். இரும்பு கொண்டுபோகேக்கை சென்றியிலை கேப்பாங்கள். நீர் சிங்களம் கதைப்பீர்."

நெசவுப் பயிற்சிக்குப் போன இடத்தில் பழகின சிங்களம். இவருக்கு ஒரு சொல் வராது.

"உங்கடை இரும்பு. நீங்களே காவுங்கோ."

வாய்க்கால் வெட்டின கோபம் இன்னும் தீரவில்லை.

ஒக்டோபர் 18, புதன்

காலையில் போனார். சாக்கில் நாலு தட்டு. வெள்ளைச் சேட்டு, தலைக்கு எண்ணெய். பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி என்று ராகினியிடம் சொன்னேன்.

பின்னேரம் வந்தது ஹாஜியார். கதிரையில் இருக்கவில்லை. கிண்ணியாவுக்குக் கடக்கும் பாதைப் படகில் ஏற வரிசையில் நின்ற இடத்தில் இவரைப் பிடித்துவிட்டார்கள். ஹாஜியார் இரண்டு ஆள் தள்ளி நின்றாராம். கேட்டதை அப்படியே சொன்னார். ஒரு சிப்பாய்க்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"இது என்ன?"

"தட்டு சேர்."

"எங்க பூட்டுறது?"

"கரைக்குப் பூட்டுறது."

"எந்தக் கரை?"

"ரெண்டு கரைக்கும்."

"பூட்டினா?"

"எவ்வளவு இழுத்தாலும் அசையாது சேர்."

பாதைத் துறையில் காவல் நிற்கிறவனுக்குக் கரை என்றால் கடற்கரை. வட்ட இரும்பு, நட்டு, இரண்டு கரைக்கும் பூட்டுவது. கண்ணிவெடி என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பான். ஓரம் என்று சொல்லியிருந்தால் பாதையில் ஏறியிருப்பார்.

"நான் வாயத் தொறக்கல்ல மகள்" என்றார் ஹாஜியார். "தொறந்தா என்னையும் ஏத்தியிருப்பானுகள்." கோபப்பட முடியவில்லை. தண்ணீர் கொடுத்தேன்.

ஒக்டோபர் 19, வியாழன்

முகாம் வாசல். என்னைப் போல் இன்னும் பல பெண்கள். உள்ளே விடவில்லை. பக்கத்தில் நின்றவள் சொன்னாள்: "அழாதேங்கோ. அழுதா கெதியாத் திரத்துவாங்கள்." நான் அழவில்லை. இவர் மேல் ஆத்திரம்தான் வந்தது. சொல்லிக் கொடுத்த சொல்லை இப்படிப் போய்ச் சொல்லுவாரா ஒரு மனிதன்.

சாப்பிடவில்லை.

ஒக்டோபர் 20, வெள்ளி

வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். உருளையையே கழற்றினோம், சுற்றின பாவோடும் பூட்டின தட்டோடும். நான் ஒரு தலைப்பு, ராகினி ஒரு தலைப்பு. தெருவால் தூக்கிக்கொண்டு போனோம். பிரேதம் என்று நினைத்து ஒரு கிழவர் சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கி நின்றார்.

வாசலில் நின்றவன் சிரித்தான். சிரிப்புச் சத்தத்துக்கு ஒரு பெரியவன் வந்தான். என் சிங்களத்தில் சொன்னேன். சிங்களத்தில் துணியின் கரைக்கு வேறு சொல், கடற்கரைக்கு வேறு சொல். அந்த ஒரு சொல் போதும், விளங்கிவிட்டது. அவனும் சிரித்தான். சிப்பாய்க்குத் தலையில் ஒரு குட்டு.

இவரைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைச் சேட்டு வெள்ளையாக இல்லை. ஒரு கண் மூடிவிட்டது. வலது கை விரல்கள் வீங்கிக் கறுப்பு.

"என்ன கையிலை?"

"கதவிலை நசிஞ்சது" என்றார். பக்கத்தில் சிப்பாய்.

தட்டை நகர்த்திக் காட்டச் சொன்னான் பெரியவன். இவரால் நட்டைப் பிடிக்க முடியவில்லை. குறடு வாங்கி நான் தளர்த்தினேன், நான் தள்ளினேன், நான் இறுக்கினேன். இவர் பக்கத்தில் நின்று, "இடப்பக்கம் இன்னும் கொஞ்சம்" என்றார். அந்த நிலையிலும் இடப்பக்கம்.

பெரியவனுக்குப் பிடித்துவிட்டது. எந்த அகலத்துக்கும் வருமா என்று கேட்டான். வரும் என்று நான்தான் சொன்னேன், பெருமையாக. என் வாயில் மண். அவர்களிடம் பழைய முள்ளுக்கம்பி மலை மாதிரிக் கிடக்கிறதாம். சுற்றி எடுக்க உருளை வேண்டுமாம். தட்டு செய்து முடியும்வரை இவர் இங்கேயே. கைதி இல்லையாம், விருந்தாளியாம். உருளையை எங்களிடமே திருப்பித் தந்தான்.

எனக்குத் தேத்தண்ணி தந்தான். நல்ல சாயம். குடித்தேன்.

ஒக்டோபர் 27, வெள்ளி

மழை. நீலச் சாயம் கடையில் இல்லை.

கிழமைக்கு இரண்டு முறை பார்க்கலாம். நடுவில் அந்தத் தமிழ் தெரிந்த சிப்பாய். சோற்றுப் பார்சலைக் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறான். விரல் இரண்டு இனி மடங்காதாம். மற்றக் கையால் வேலை செய்கிறார். கடைச்சல் மெசின் நல்லதாம், ஜேர்மன்காரனுடையதாம். அதைச் சொல்லும்போது மூடாத கண்ணில் ஒரு வெளிச்சம். அடிக்கலாம் போல் இருந்தது.

ஹாஜியாரைக் கண்டேன். பாதையடியில் புதிதாக முள்ளுக்கம்பி போட்டிருக்கிறார்களாம், உருளையின் இரண்டு பக்கமும் இவருடைய தட்டு.

"அந்தத் தட்டு எனக்கு வேணாம் மகள். சனம் பாத்துட்டு. ஆர் செஞ்சதெண்டும் தெரியும்."

ஆர் செய்தது என்று தெரியும். வீடு வரும்வரை அதுவே காதில் நின்றது.

நவம்பர் 2, வியாழன்

மத்தியானம் ஒரு பெடியன் வந்தான். சாரம் பார்க்க வந்ததாகச் சொன்னான். தோய்த்த சேட்டு, அழகான பல்லு. பச்சைச் சாரத்தைத் தேர்ந்தெடுத்தான். கரையை விரலால் தடவினான்.

"நல்லா நிக்குது அக்கா. அண்ணையின்ரை தட்டோ?"

"ஓம்."

"அண்ணை எப்ப வெளியாலை வாறார்?"

"தெரியாது தம்பி."

"வந்த உடனை சொல்லுங்கோ. கோவமொண்டும் இல்லை. ஒரு சின்னக் கதை கதைக்க வேணும்." பிறகு சிரித்தபடி, "நாங்கள் பாத்துக்கொண்டுதான் இருப்பம்" என்றான்.

போன பிறகு ராகினி கதவை அடைத்துவிட்டு நின்றாள். "சந்தி வெல்டரையும் இப்பிடித்தான் அக்கா கூப்பிட்டவை." எனக்கும் தெரியும். முகாம் கேற்றுக்கு ஒட்டுப்போட்ட வெல்டர். இயக்கக்காரர் கதைக்கக் கூப்பிட்டார்கள். நிலாவெளி ரோட்டு மதகுக்குக் கீழே கிடந்தான்.

நவம்பர் 4, சனி

பெரியவன் சந்தோஷமாக இருந்தான். வேலை முடிந்ததாம். நாளைக்கு இவரை விடுகிறானாம். நன்றி சொல்லச் சொன்னான். சொன்னேன்.

யோசித்தது:
கொழும்புக்கு அனுப்பலாமா. பாஸ் இல்லை, அங்கே ஆளும் இல்லை.
ஹாஜியார் வீட்டில் ஒளிக்கலாமா. பாதையடியில் நின்று பார்க்கிறவர்கள் எத்தனை பேர்.
பெடியன் வந்ததை முகாமில் சொல்லலாமா. என்னையும் ராகினியையும் உள்ளே எடுப்பார்கள். சொன்னது ஆர் என்று அடுத்த நாளே வெளியில் தெரியும்.
இவரிடம் சொல்லலாமா. நடுவில் அந்தச் சிப்பாய், எல்லாத் தமிழும் இப்போது நன்றாக விளங்குகிறது அவனுக்கு.

இந்தத் திருகோணமலையில் இவர் உயிரோடு இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான். விரலை நசித்த இடம்.

ராகினி கேட்டாள்: "அண்ணைக்கு என்ன சமைக்கிறது நாளைக்கு?" போய் விளக்கை அணைத்தேன்.

நவம்பர் 5, ஞாயிறு

காலையில் போனேன். இவர் வெளிக்கிட்டு நின்றார், சாக்கு கையில், தலை வாரி இழுத்து. என்னைக் கண்டதும் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரித்து எவ்வளவு காலம்.

பெரியவனிடம் சிங்களத்தில் சொன்னேன். விடவேண்டாம். வேலை கொடுத்து வைத்திருங்கள். ஏன் என்று கேட்டான். குடிக்கிறார் என்றேன். அடிக்கிறார் என்றேன். இங்கே இருந்த நாட்களில்தான் நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன் என்றேன். ஒரு நாளும் இவர் என்னைத் தொட்டு அடித்ததில்லை. குடி என்றால் மணம்கூடப் பிடிக்காது. பொய் நல்லாக வந்தது, தங்குதடை இல்லாமல். இவ்வளவு காலம் இவரைத் திட்டிப் பழகின நாக்கு.

பெரியவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிப்பாயைக் கூப்பிட்டு, தமிழில் சொல்லு இவனுக்கு என்றான். சிப்பாய் சொன்னான், ஒரு சொல் விடாமல். நிம்மதியாக நித்திரை கொண்டதையும் சொன்னான்.

இவர் சிப்பாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கண்ணால் ஏதாவது சொல்லியிருக்கலாம். எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நான் அடிக்கிறனானோ?" என்று கேட்டார். மெதுவாக.

"ஓம்" என்றேன்.

சாக்கை நிலத்தில் வைத்தார். "சரி சேர், நான் நிக்கிறன்" என்றார். பிறகு என்னிடம்: "இனி நீ இந்தப் பக்கம் வராதை."

கலியாணம் கட்டின நாளில் இருந்து நீர் என்றுதான் கூப்பிடுவார். எந்தச் சண்டையிலும் நீர்தான்.

வரும் வழியில் சந்தியில் அந்தப் பெடியன், பச்சைச் சாரத்தோடு. "அண்ணை வரேல்லையோ அக்கா?"

"விடேல்லை" என்றேன்.

நவம்பர் 7, செவ்வாய்

வெயில். இரண்டாம் தறியில் விரிப்புத் தொடங்கினோம்.

பாரை மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சோறு. பார்சல் கட்டி ராகினியிடம் கொடுத்து அனுப்பினேன். திரும்பக் கொண்டுவந்தாள். வாழையிலை அவிழ்க்கவில்லை, கம்பி குத்தின ஓட்டை மட்டும்.

"ஏதும் சொன்னவரோ?"

"ஆர் அனுப்பினது எண்டு கேட்டார் அக்கா. சொன்னனான். வேண்டாம் எண்டார்."

நான் இருந்து சாப்பிட்டேன். முழுவதும்.